‘நாங்கள்’ என்று எழுதுபவர் யார்?

2024ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒருநாள் என் தம்பி மகன் ஒரு கட்டுத் தாள்களுடன் மயிலாப்பூரில் உள்ள என் இல்லத்துக்கு வந்தான். உணவு விடுதிகளுக்கும் திருமண மண்டபங்களுக்கும் வேண்டிய எவர்சில்வர் அடுப்பு மேடைகள், இட்லிக் கொப்பரைகள், பாத்திரம் கழுவும் தொட்டிகள் முதலியவற்றைச் செய்து கொடுப்பது அவன் தொழில். அலுவலகம் தியாகராய நகரில், பட்டறை கிண்டியில். 1999இல் தொடங்கிய அந்தச் சிறு நிறுவனத்துக்கு 25 ஆண்டுகள் நிறைவதை ஒட்டி ஒரு மலர் வெளியிட ஏற்பாடு செய்திருந்தான். “அத்தை, சந்திப் பிழையும் எழுத்துப் பிழையும் மட்டும் பார்த்துக் கொடுங்கள், வேறொன்றும் வேண்டாம்” என்றான்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியையிடம் இவ்வாறு சொல்வது, பூனையிடம் பாலை வைத்துவிட்டு ஏட்டை மட்டும் பார் என்பதற்கு ஒப்பாகும். படித்துப் பார்த்தேன். சந்திப் பிழைகள் அதிகமில்லை. ஆனால் வேறொன்று உறுத்தியது. முதல் பக்கத்தில், ‘நான் கையிலிருந்த சிறு தொகையுடன் இத்தொழிலைத் தொடங்கினேன்’ என்றிருந்தது. அடுத்த பக்கத்தில், ‘நாங்கள் தமிழகமெங்கும் வளர்ந்தோம்’ என்றிருந்தது. அட்டைப் படத்தின் கீழ், ‘நாம் ஒரே குடும்பம்’ என்று கண்டேன். அதுவரை குறை சொல்வதற்கில்லை. பிறகு 2011ஆம் ஆண்டின் கதை வருகிறது. ஒரு விடுதிக்கு அனுப்பிய கொப்பரைகளில் வெல்டிங் சரியாக அமையாமல் நீராவி கசிந்து, அனைத்தும் திரும்பி வந்தன. அதனை மலர் இவ்வாறு சொல்லிற்று: ‘சில கொப்பரைகளில் குறைபாடுகள் காணப்பட்டன; நிறுவனம் தக்க நடவடிக்கை எடுத்தது.’ 2020ஆம் ஆண்டைப் பற்றி, ‘பெருந்தொற்றுக் காலத்தில் ஆட்குறைப்பு தவிர்க்க இயலாததாயிற்று’ என ஒரே வரி. அதனை அடுத்து, ‘நாங்கள் மீண்டெழுந்தோம்’.

தொடங்கியவர் ‘நான்’. வளர்ந்தவர் ‘நாங்கள்’. குறை காணப்பட்ட இடத்திலும், 11 பேர் வேலையிழந்த இடத்திலும் வாக்கியத்துக்குள் ஒருவரையும் காணவில்லை. துன்பம் தீர்ந்ததும் எல்லாரும் திரும்பி வந்துவிட்டனர்.

ஒரு நிறுவனத்தைப் பற்றி அதனை நடத்துவோரே எழுதும்போது எந்த இடத்திலிருந்து பேச வேண்டும், ஒருமுறை தேர்ந்த இடத்தை இறுதிவரை ஏன் காக்க வேண்டும் என்பது நடையழகைப் பற்றிய கேள்வியாகவே பெரும்பாலோருக்குத் தோன்றும். எழுதிப் பழகியவர்களும், ‘ஒரே நடையில் இருந்தால் படிக்க நன்றாக இருக்கும்’ என்ற அளவில் நிறுத்திக் கொள்வர். எனக்கு அது வாய்மையைப் பற்றிய கேள்வியாகத் தோன்றுகிறது. நம் இல்லங்களிலிருந்தும் இளைஞர் பலர் சொந்தமாகத் தொழில் தொடங்கி, தங்கள் நிறுவனத்தை அறிமுகம் செய்து எழுதும் காலம் இது. ஆதலின் இதனை இங்கு எழுதத் துணிந்தேன்.

தமிழ் மொழி இவ்விஷயத்தில் மிகவும் கண்டிப்பானது. ஆங்கிலத்தில் ‘வீ’ என்னும் ஒரே சொல் எல்லாவற்றுக்கும் போதும். கேட்பவரும் அதற்குள் அடக்கமா அல்லரா என்பதைச் சூழ்நிலையால் ஊகிக்க வேண்டியதுதான். தமிழிலோ கேட்பவரையும் சேர்த்துக் கொண்டால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’. உளப்பாட்டுத் தன்மை என்று வகுப்பில் நாங்கள் நடத்திய பாடம் இதுவே. வினைமுற்றும் விடாது, ‘செய்தேன்’, ‘செய்தோம்’, ‘செய்தது’ என எழுவாயைக் காட்டிக் கொடுத்துவிடும். தியாகராய நகரில் ‘எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை’ என்னும் பலகையைப் பார்த்திராதவர் யார்? ‘நமக்கு வேறு கிளைகள் இல்லை’ என்று எந்தக் கடைக்காரரும் எழுதமாட்டார். வாடிக்கையாளர் கடைக்குப் பங்காளியல்லர் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ‘எங்களுக்கு’ என்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. அதே கடையின் பின்புறம் சென்றால், ‘வாகனங்கள் காணாமற்போனால் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று மற்றொரு பலகை. முன்வாசலில் ‘நாங்கள்’ ஆக இருந்தவர் பின்வாசலில் ‘நிர்வாகம்’ ஆகிவிட்டார். இந்த நிர்வாகம் என்பவரை நான் பலகைகளில் எழுபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். பெரும்பாலும் பொறுப்பை மறுப்பதற்கே அவர் வெளியே வருகிறார்.

மொழி இவ்வளவு கண்டிப்பாக இருந்தும் தப்பிக்க வழிகள் இல்லாமலில்லை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குத் தன்வினை பிறவினை நடத்திய அம்மையார், இப்பாடத்தைக் குழந்தைகள் பிறவியிலேயே அறிவர் என்பார். பணிக்கு வந்த முதல் ஆண்டிலேயே அதனை உணர்ந்தேன். கண்ணாடி உடைந்த சன்னலின் அருகில் நிற்கும் சிறுவனைக் கேட்டால் ‘உடைந்துவிட்டது, டீச்சர்’ என்பான். ‘உடைத்துவிட்டேன்’ என்று சொல்ல ஒரு மெய்யெழுத்தின் மாற்றமே தேவை. அந்த ஒரு மெய்யெழுத்தைக் கடக்கப் பெரியவர்களுக்கும் நெடுநாள் ஆகிறது. ‘குறைபாடு காணப்பட்டது’, ‘ஆட்குறைப்பு தவிர்க்க இயலாததாயிற்று’ என்பவை அந்தச் சிறுவனின் விடையே. சற்றுக் கல்வி கற்றுச் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். நிறுவனம் என்பது அதனை நடத்துபவரின் வேறன்று என்று எப்படிச் சொல்வது? சட்டமே அதனைத் தனியோர் ஆளாகக் கொள்கிறதே? உண்மைதான். இங்கிலாந்தில் சாலமன் என்னும் காலணித் தொழிலர் தம் தொழிலை ஒரு கம்பெனியாகப் பதிவு செய்திருந்தார். அது கடனில் மூழ்கியபோது, கம்பெனி வேறு, சாலமன் வேறு. அதன் கடன் இவர் கடனாகாது என்று 1896இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இன்றுவரை கம்பெனிச் சட்டத்துக்கு அதுவே அடிப்படை. எனவே ‘நிறுவனம் வாங்கியது’, ‘நிறுவனம் கடன்பட்டது’ என்று கணக்கில் எழுதுவது பொய்யாகாது. அங்கே அப்படித்தான் எழுத வேண்டும்.

ஆயினும் சட்டம் ஆளாக்கிய ஒன்றைத் தமிழ் இலக்கணம் உயர்திணையில் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மக்கள், தேவர், நரகர் ஆகிய மூவரையும் உயர்திணை என வகுத்தவர் நன்னூல் தந்த பவணந்தி முனிவர். நரகத்தில் உழல்பவருக்கும் உயர்திணை விகுதி உண்டு. நிறுவனத்துக்கு ‘அது’ தான். விளையாட்டாகச் சொல்லவில்லை. வினையைச் செய்து அதன் பயனை நுகர்வதற்கு ஓர் உயிர் வேண்டும். நிறுவனம் வருந்துவதில்லை, இரவில் உறக்கமின்றிப் புரள்வதில்லை. ‘நிறுவனம் வருந்துகிறது’ என்று அறிக்கையில் படிக்கும்போது, வருந்தியவர் ஒருவர் உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது.

நம் நாட்டில் இக்கேள்வியை எல்லாரும் கேட்க நேர்ந்த நாள் 2009ஆம் ஆண்டு ஜனவரி 7. ஹைதராபாத்தில் 1987இல் தொடங்கப்பட்ட சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு அன்று தம் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதற்கு முந்தைய 2008 செப்டம்பர் மாதக் கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டப்பட்ட தொகையில் ரூ. 5,040 கோடி இல்லாத பணம் என்று அதில் ஒப்புக்கொண்டார். நிறுவனத்தின் பெயர் சத்தியம். ஆசிரியைக்கு இதற்குமேல் ஒரு பாடம் வேண்டுமா? அதற்குச் சில நாள்களுக்கு முன், 2008 டிசம்பரில், அந்நிறுவனம் வாங்க முயன்று கைவிட்ட குடும்ப நிறுவனங்களின் பெயர் மேட்டாஸ்; சத்யம் என்பதன் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கியது.

தொகையைக் காட்டிலும் அக்கடிதத்தின் இடமே என்னை நிறுத்தியது. பொதுவாக நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் ‘நாங்கள்’ என்றும், ‘உங்கள் நிறுவனம்’ என்றும் பேசும். ‘உங்கள்’ என்பது பங்குதாரரை நோக்கிச் சொல்வது. லாபம் வரும் காலத்தில் கேட்க இனிமையாக இருக்கும். சத்யத்தின் தலைவர் எழுதிய இக்கடிதமோ தன்மை ஒருமையில் இருந்தது. புலிமேல் ஏறியவன் இறங்க வழியறியாது தவிப்பதை உவமையாகச் சொல்லியிருந்தார். செய்த குற்றத்தைப் பெரியோர் முன் எடுத்துரைக்கும் நம் ஆலோசனை முறையிலும் தன்மை ஒருமையன்றி வேறு இடமில்லை. ஆகவே அன்று செய்தித்தாளில் படித்தபோது, காலம் கடந்தேனும் ‘நான்’ என்று சொல்லும் துணிவு ஒருவருக்கு வந்ததே என்று எண்ணினேன்.

அந்த எண்ணத்தைப் பின்னர் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. இயக்குநர் குழுவில் இருந்தோர் எவரும் இதனை அறியார் என அக்கடிதம் கூறியது. 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகள் எனக் கண்டது அவரையும் சேர்த்து 10 பேரை. மேலாண்மை இயக்குநராக இருந்த அவர் சகோதரர், தலைமை நிதி அலுவலர், வெளித் தணிக்கையாளர் இருவர் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். (மேல்முறையீட்டின் பேரில் அவ்வாண்டு மே மாதம் பிணை வழங்கப்பெற்றது.) பல ஆண்டுகளாக அறிக்கைகளில் பேசிய ‘நாங்கள்’ மிகப் பெரியது, அதற்குள் ஒன்றும் அறியாத பல்லாயிரம் ஊழியர் இருந்தனர். இறுதியில் வந்த ‘நானோ’ மிகச் சிறியது. உள்ளே இருக்க வேண்டியவர் பலர் வெளியே நின்றனர். செய்தவர் எத்தனை பேரோ அத்தனை பேருக்குச் சரியான அளவில் ஒரு சொல் அந்நிறுவனத்தின் எழுத்தில் ஒருபோதும் இருக்கவில்லை. அந்தச் சொல்லை நீதிமன்றம்தான் எழுத வேண்டியிருந்தது. 2009 ஏப்ரலில் நிறுவனத்தை டெக் மகிந்திரா ஏற்று, 2013இல் தன்னுடன் இணைத்துக்கொண்டது. சத்தியம் என்னும் பெயர் தொழிலுலகிலிருந்து மறைந்தது.

வினையை அளப்பதற்கு நம் முன்னோர் வைத்த கோல் இங்கே பயன்படும். செய்தல், செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் என மூன்று வழியாலும் வினை வந்து சேரும் என்பது நம் இல்லங்களில் குழந்தைகளும் அறிந்தது. ஒரு தொழிற்கூடத்தில் இம்மூன்றும் மூன்று பேராகப் பிரிந்து நிற்கும். ஆணையிட்டவர் செய்யவில்லை, செய்தவர் முடிவெடுக்கவில்லை, உடன்பட்டவர் வாய் திறக்கவே இல்லை. ‘நிறுவனம் செய்தது’ என்னும் வாக்கியத்துக்குள் மூவரும் மறைந்துகொள்ள இடமிருக்கிறது. ‘நாங்கள் செய்தோம்’ என்றால் மூவரும் அகப்படுவர். ஆணைக்குக் கீழ்ப்படிந்து உளி பிடித்தவரும் ஆணையிட்டவரும் ஒரே எடையில் அகப்படுவது ஒருவகை அநீதியே. அதற்காக எவரையும் அகப்படுத்தாமல் விடுவது நீதியாகிவிடாது.

பிறரைச் சொல்வானேன்? நான் எழுதிய ஒரு வாக்கியம் இருக்கிறது.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், 1980களில், ஆண்டு விழா அறிக்கையை எழுதும் பணி தமிழாசிரியை என்ற முறையில் எனக்கு வாய்த்தது. ‘பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் நாம் நூற்றுக்கு நூறு தேர்ச்சி கண்டோம்’ என்று எழுதினேன். பெற்றோரும் மாணவியரும் கேட்க, ‘நாம்’ என்னும் சொல்லுக்குக் கைதட்டல் எழுந்தது. அதே அறிக்கையின் பிற்பகுதியில், ‘ஒன்பதாம் வகுப்பில் ஏழு மாணவியர் நிறுத்தி வைக்கப்பட்டனர்’ என்று ஒரு வரி. இரண்டு வரிகளுக்கும் உள்ள தொடர்பை ஆசிரியர் அறையில் இருந்த அனைவரும் அறிவோம். தேர்ச்சி விழுக்காடு குறையக்கூடாது என்பதற்காகவே அவர்கள் மேல் வகுப்புக்கு அனுப்பப்படவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன், மறுத்துப் பேசவில்லை.

விழா முடிந்த மறுநாள் அவ்வெழுவருள் ஒரு சிறுமியின் தாய் பள்ளி வாயிலில் நின்றார். பூ விற்பவர். என்னிடம் அவர் கேட்டது ஒன்றே: “யாருங்க டீச்சர் நிறுத்தினது?” இலக்கணம் படியாத அவ்வம்மை என் வாக்கியத்தில் விடுபட்டிருந்த எழுவாயை நேராகக் கேட்டுவிட்டார். “அது பள்ளி நிர்வாகத்தின் முடிவு” என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் சென்றார். அச்சிறுமி அதன்பின் பள்ளிக்கு வரவில்லை. ‘நாம் தேர்ச்சி கண்டோம்’ என்று எழுதியவள், அதே மையால் ‘நாங்கள் நிறுத்தினோம்’ என்று எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் தலைமையாசிரியை அதனை அவையில் படித்திருக்கமாட்டார். அவ்வளவில் ஒரு விவாதமாவது எழுந்திருக்கும்.

இத்தனையையும் அன்றே தம்பி மகனிடம் சொல்லிவிடவில்லை. மலரில் மூன்று இடங்களில் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் ‘யார்?’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வந்தான். அவன் சொன்ன மறுப்புகளை ஒதுக்கிவிட முடியாது. ‘நான் ஆட்குறைப்புச் செய்தேன்’ என்று எழுதினால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார்? ‘நான்’, ‘நான்’ என்று எழுதினால் செருக்காகத் தோன்றாதா? மலரை வடிவமைப்பவர், நிறுவனத்தைப் பற்றி முழுவதும் படர்க்கையில் எழுதிவிட்டால் கண்ணியமாக இருக்கும் என்கிறாரே?

செருக்கைப் பற்றிய அச்சம் பழையது. எத்தனை துறைகளில் தேர்ந்து நூல் செய்தாலும் ஒருவன் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று நன்னூற் பாயிரம் விதிக்கிறது. நூலாசிரியனின் ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரை செய்தவர் ஆகியோரே அவன் நூலுக்குப் பாயிரம் சொல்லக் கடமைப்பட்டவர். தற்புகழ்ச்சி பொருந்தும் இடங்களையும் பவணந்தியார் விட்டுவிடவில்லை. அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதார் நடுவில், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையில், பிறர் தன்னை இகழ்ந்தபோது எனச் சிலவற்றைக் குறிக்கிறார். தன் ஆற்றலை அறியாதாரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்பது இன்றைய விளம்பரத்துக்கு இடந்தருவதுதான். இம்மயிலையில் எழுந்தருளியிருந்த நேமிநாதர் பெயரால் குணவீர பண்டிதர் செய்த இலக்கணத்தையும், நன்னூலையும் நம்மவர் தமிழுக்குத் தந்தனர் என்று பெருமை பேசுகிறோம். பேசினால் போதாது, அவ்வப்போது எடுத்துப் பயன்படுத்தவும் வேண்டும்.

ஆகவே அவனிடம் சொன்னேன்: “பவணந்தியார் விலக்கியது புகழ்ச்சியை. குற்றத்தை ஒருவன் தானே சொல்லலாகாது என்று அவர் எங்கும் விலக்கவில்லை. உன் மலரில் தலைகீழாக இருக்கிறது. புகழ்ச்சி வரும் இடத்தில் நீயே பேசுகிறாய்; பழி வரும் இடத்தில் வாக்கியம் தானாக நடக்கிறது. உங்கள் பொருளின் தரத்தை உன்னிடம் வாங்கியவர் எழுதட்டும். உன் பட்டறையைப் பற்றி அங்கே வேலை செய்தவர் எழுதட்டும். நடந்தவற்றின் கணக்கை நீ எழுது.”

லஸ் சர்ச் சாலையை ஒட்டிய நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் நடக்கும்போது இது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். 1893இல் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலுவின் பெயர் அப்பூங்காவுக்கு நிலைத்தது ஊரார் வாயால், விளம்பரத்தால் அன்று.

படர்க்கையில் எழுதுவது பற்றிய யோசனையையும் எண்ணிப் பார்த்தோம். மலர் முழுவதும் ‘நிறுவனம்’ என்றே எழுதினால் முரண்பாடு நீங்கும். ஒரே குரலில் இருக்கும். ஆனால் அப்போது தொடங்கியவரும் ‘நிறுவனம்’ ஆகிவிடுவார். அந்த முதல் பக்கத்தை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனமில்லை. எனக்கு இதில் ஓர் எளிய அளவுகோல் உண்டு. பெருமைக்குரிய வாக்கியத்தில் எந்த எழுவாயை வைக்க மனம் வருகிறதோ, சிறுமைக்குரிய வாக்கியத்திலும் அதனையே வைக்க வேண்டும். படர்க்கை என்றால் இரண்டிலும் படர்க்கை. ‘நாங்கள்’ என்றால் இரண்டிலும் ‘நாங்கள்’.

பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் மூன்று இடமும் கலந்து வருகின்றனவே என்று கேட்கலாம். தலைவரின் கடிதம் தன்மையில் பேசும்; இயக்குநர் அறிக்கை ‘உங்கள் இயக்குநர்கள்’ என்று தம்மையே படர்க்கையாக்கிக் கொள்ளும்; கணக்குக் குறிப்புகள் ‘நிறுவனம்’ என்னும்; தணிக்கையாளர் மீண்டும் ‘நாங்கள் தணிக்கை செய்தோம்’ என்பர். அது குழப்பமன்று. ஒவ்வொரு பகுதியின் அடியிலும் கையெழுத்து இருக்கிறது. பேசுபவர் மாறினார் என்பது வெளிப்படை. ஒரே கையெழுத்தின் மேல், ஒரே பத்தியில், இடம் மாறும்போதுதான் நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படிக்கிறேன்.

அமெரிக்காவில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் ஆணையம் 1998இல் எளிய ஆங்கிலத்தில் எழுதுவது பற்றி ஒரு கையேடு வெளியிட்டது. நிறுவனத்தை ‘நாங்கள்’ என்றும் படிப்பவரை ‘நீங்கள்’ என்றும் நேராகக் குறிக்குமாறு அது அறிவுறுத்தியது. அதற்கு முன்னுரை எழுதிய முதலீட்டாளர் வாரன் பஃபெட், தம் ஆண்டுக் கடிதங்களைத் தம் சகோதரிமார் படிப்பதாக எண்ணிக்கொண்டு எழுதுவதாகக் கூறினார். டெக்ஸ்டர் என்னும் காலணி நிறுவனத்தை 1993இல் வாங்கியதே தாம் அதுவரை செய்த கொள்முதல்களில் மிக மோசமானது என்று, 2007ஆம் ஆண்டுக்கான கடிதத்தில் தன்மை ஒருமையிலேயே எழுதினார். அவர் முதலீட்டு முறைகளைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அந்த வினைமுற்றை மட்டும் மதிக்கிறேன்.

தம்பி மகன் திருத்திய படி மாசி மாதத்தில் வந்தது. 2020ஆம் ஆண்டைப் பற்றிய வரி மாறியிருந்தது: ‘அவ்வாண்டு 11 பேரை வேலையிலிருந்து நிறுத்துவதென்று நான் முடிவு செய்தேன்.’ 2011இன் கொப்பரைகளுக்கு, ‘நாங்கள் செய்தவற்றில் வெல்டிங் பிழை இருந்தது, நாங்கள் திரும்பப் பெற்றோம்’ என்று எழுதியிருந்தான். அட்டையில் இருந்த ‘நாம் ஒரே குடும்பம்’ என்னும் வரியை எடுக்க மட்டும் தயங்கினான். அந்தப் படம் 2014இல் எடுத்தது. இரண்டாம் வரிசையில் நிற்பவர், 1999இல் அவனுடன் தொடங்கிய இருவருள் ஒருவர். என் வீட்டுச் சமையலறைத் தொட்டியைப் பொருத்தித் தந்தவரும் அவரே. 2020இல் நின்ற 11 பேரில் அவரும் உண்டு. “அவ்வரியை அவரிடம் நீ வாய்விட்டுப் படித்துக் காட்ட முடியுமானால் இருக்கட்டும்” என்றேன்.

இரண்டு நாள் கழித்து அவன் அவருக்குத் தொலைபேசியில் பேசினான். மலரில் அரைப்பக்கம் எழுதித் தருமாறும் கேட்டான். எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்று அவர் சொன்னாராம். பிறகு, “படத்துக்குக் கீழே என் பேரைப் போடச் சொல்லுங்க, சார்” என்றாராம். முன்வரிசையில் அமர்ந்திருந்த ஐவருக்கு மட்டுமே பெயர் அச்சிட்டிருந்தோம் என்பதை அப்போதுதான் இருவரும் கவனித்தோம். பின்னால் நின்ற 29 பேருக்கும் சேர்த்து ‘ஊழியர்கள்’ என்று ஒரே சொல்.

‘நாம் ஒரே குடும்பம்’ என்னும் வரி எடுக்கப்பட்டது. அந்த இடத்தில் பெயர்களை வரிசைப்படி போடுவதெனத் தீர்மானித்தோம். 27 பேரின் பெயர்கள் ஒரே மாலையில் கிடைத்துவிட்டன. மீதி இருவருக்காகக் கிண்டிப் பட்டறையின் பழைய வருகைப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். ஒருவர் சில மாதங்களே வேலை செய்த திருவண்ணாமலைப் பையன் என்று தெரிந்து, பெயரும் அகப்பட்டது. மலர் அச்சுக்குப் போகும் நாள்வரை மற்றவர் பெயர் கிடைக்கவில்லை.